“டேட்டா நல்லா இருக்கு, தியரி எங்கே?” – சமூக அறிவியல் கருத்தரங்கில் யாருக்கு எந்த இடம்?

பதிவு 1 | மூன்றாம்வரிசை

வணக்கம். ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பிஎச்.டி, இரண்டாம் வருடம். அடுத்த செமஸ்டரில் எங்கள் துறையில் இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கு. தலைப்பிலேயே ‘சமத்துவம்’ இருக்கிறது. ஏற்பாட்டுக் குழுவில் ஸ்காலர்கள் சார்பாக என்னைப் போட்டிருக்கிறார்கள். இதுவரை நான் செய்த வேலை பேனருக்கும் ஃபைலுக்கும் கொட்டேஷன் வாங்கியது. போன வாரம் கன்வீனர் மேடம் கூப்பிட்டு, “எல்லாரும் சங்கடமில்லாம வந்து பேசுற மாதிரி நடத்தணும்மா. என்ன செய்யலாம்னு ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வா” என்றார். மனசாரச் சொன்னதுதான். நான்தான் வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு நான்கு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். ‘பன்மைத்துவம்’, ‘உள்ளடக்கம்’ என்று எழுதினால் பார்க்க அழகாக இருக்கிறது. சரி, திங்கட்கிழமை காலையில் என்ன செய்யணும் என்று கேட்டால் பதில் இல்லை.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் வேறொரு ஊரில் என் முதல் பேப்பரை வாசித்தேன். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் பற்றியது. ஏழு மாதம், விடிகாலை ஐந்து மணிக்கு மஸ்டர் (வருகைப் பதிவு) எடுக்கும் இடத்தில் அவர்களோடு நின்று எழுதிய குறிப்புகள். அவர்களில் பாதிப் பேர் என் தெருக்காரர்கள், ஒருவர் என் பெரியம்மா. பதினைந்து நிமிடம் என்றார்கள். ஒன்பதாவது நிமிடத்தில் துண்டுச்சீட்டு வந்தது. தலைமை தாங்கியவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம்: டேட்டா நல்லா இருக்கு, தியரி எங்கே? அடுத்து வாசித்தவர் களத்துக்கே போகாதவர். அவருக்கு அரை மணி நேரம். டேட்டா எங்கே என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். “அந்த ஊர்ல எந்தப் பக்கம்?” என்றார். அதையும் சொன்னேன். மூன்றாவது கேள்விக்கு அவசியம் இருக்கவில்லை. பயணப்படி ஆறு மாதம் கழித்து வந்தது. அதுவரை சித்தியின் சீட்டுப் பணத்தில்தான் கதை ஓடியது.

இதெல்லாம் எங்கள் துறையிலும் அப்படியே நடக்கும், நான் பேட்ஜ் குத்திக்கொண்டு பக்கத்தில் நிற்பேன் என்பதுதான் பயம். செய்யக்கூடியது எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். வாசகம் மட்டும் வேண்டாம்.

பதிவு 2 | களத்துமேடு

தங்கச்சி, உங்களிடம் கேட்ட கேள்வி பழைய கேள்வி. தலித் சிந்தனையாளர் கோபால் குரு 2002 டிசம்பரில் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியச் சமூக அறிவியல்கள் எவ்வளவு சமத்துவமானவை என்பதுதான் அதன் தலைப்பே. கோட்பாட்டுப் பிராமணர்கள், தரவுச் சூத்திரர்கள் என்று அதில் அவர் பிரித்துக் காட்டியதைத்தான் இன்றுவரை எல்லாரும் எடுத்துப் பேசுகிறார்கள். களத்தில் தூற்றுவது ஒருவர், குதிரில் கொட்டிக்கொள்வது இன்னொருவர்.

பலரும் விட்டுவிடும் இன்னொரு பாதி அந்தக் கட்டுரையில் உண்டு. அவர் நம் பக்கத்தையும் கடிந்துகொள்கிறார். அனுபவம் இருக்கிறது, கவிதை இருக்கிறது, அது போதும் என்று தலித்துகள் நின்றுவிடக் கூடாது, கோட்பாட்டையும் நாமே செய்தாக வேண்டும் என்கிறார். அதனால் ‘டேட்டாவையும் மதியுங்கள்’ என்று உங்கள் ஒரு பக்கத்தில் எழுதிவிடாதீர்கள். பந்தி போட்டுவிட்டு, உங்களுக்கு மட்டும் தனி இலை என்பது போல ஆகிவிடும்.

தஞ்சாவூர்க்காரன் என்பதால் இதையும் சொல்கிறேன். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். ஊருக்கு அவர் வைத்த புனைபெயர் ஸ்ரீபுரம். 1965இல் புத்தகம் வந்தது, சாதி பற்றிப் படிக்கிற எவரும் தாண்ட முடியாத புத்தகம். அவர் தங்கியது அக்ரகாரத்தில். அப்படித் தங்கியதால் சேரிக்குப் போய்ப் பழகுவது தனக்குச் சிரமமானது என்று அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இன்னொரு சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கம் ராம்புராவில் இருந்தபோது தங்கியதும் ஊர்த்தலைவரின் இடத்தில்தான். இவர்களைக் குறை சொல்லவில்லை. எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறோமோ அந்த ஊர்தான் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். மானிடவியலாளர் ஜோன் மென்ஷர் செங்கல்பட்டுப் பக்கம் பறையர் மக்களோடு பேசிவிட்டு 1974இல் எழுதியபோது, சாதி என்பது எல்லாரும் மனமொப்பி வாழும் ஒழுங்கு என்று அதுவரை எழுதி வந்தது தலைகீழாகத் தெரிந்தது. கீழிருந்து பார்த்தால் அது சுரண்டல்.

நீங்கள் மஸ்டர் எடுக்கும் இடத்தில் நின்று பார்த்திருக்கிறீர்கள். அங்கிருந்து என்ன தெரிந்தது என்பதுதான் உங்கள் தியரி. அடுத்த முறை கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

பதிவு 3 | தகுதிமட்டும்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தியரி எங்கே என்று கேட்பது எப்போதிருந்து பாகுபாடு ஆனது? என் கைடு என்னிடம் அதைவிடக் கடுமையாகக் கேட்டிருக்கிறார். பேப்பரை மட்டும் பார்ப்போம், ஆளைப் பார்க்க வேண்டாம். இப்படிச் சலுகை சலுகை என்று போனால் தரம் என்னாவது?

பதிவு 4 | மூன்றாம்வரிசை

சார், கேள்வி தப்பு என்று நான் சொல்லவே இல்லை. உண்மையில் அன்றைக்கு என் பேப்பரில் தியரி குறைவுதான், இப்போது படித்தாலும் தெரிகிறது. என்னிடம் கேட்டார்கள், எனக்கு அடுத்தவரிடம் எதுவும் கேட்கவில்லை. என் புகார் அந்த ஒரு வித்தியாசம் பற்றித்தான்.

பதிவு 5 | பழையகாகிதம்

31 வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். தகுதிமட்டும் தம்பிக்கு ஒரு வார்த்தை. பேப்பரை மட்டும் பார்ப்போம் என்பது எனக்கும் பிடித்த கொள்கை. அப்படிப் பார்த்தோமா என்றால், இல்லை. நானே பார்த்ததில்லை.

பிஎச்.டி சேர்க்கை நேர்காணலில் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். பையன் உள்ளே வருவான், உட்காரச் சொல்வோம். பதற்றம் போகட்டும் என்று “சொந்த ஊர் எது தம்பி?” என்போம். இதமாகப் பேசுகிறோம் என்று எங்களுக்கு நினைப்பு. ஊர், பள்ளிக்கூடம், அப்பா வேலை என்று மூன்று பதில் வருவதற்குள் குழுவில் ஆளாளுக்கு மனதில் ஒரு எண் விழுந்திருக்கும். அதற்குப் பிறகுதான் ஆய்வுத் தலைப்பையே கேட்போம். நல்ல ஆங்கிலத்தில் சுமாராகப் பேசியவரை ‘தெளிவான சிந்தனை’ என்று குறித்திருக்கிறேன். தடுமாறிய ஆங்கிலத்தில் அசலாக ஒன்றைச் சொன்ன பெண்ணை ‘இன்னும் பக்குவம் வேண்டும்’ என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பெண் அப்புறம் எங்கே போனார் என்று தெரியாது. அடிக்கடி ஞாபகம் வரும்.

என் மனசாட்சிக் கதையாக மட்டும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, வாய்மொழிக்கு 30 என்று இருந்தது. இரண்டு மதிப்பெண்களையும் பிரிவுவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2016இல் பல்கலைக்கழகம் அமைத்த அப்துல் நஃபே குழு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பாகுபாட்டைக் காட்டுகிறது, வாய்மொழியை 15ஆகக் குறையுங்கள் என்றது. அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் விதி எதிர்த்திசையில் போனது. எழுத்துத் தேர்வில் தேறினால் போதும், சேர்க்கையை நேர்காணல் தீர்மானிக்கும் என்றார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 70:30 என்று திரும்பி வந்தது.

கோபால் குருவோடு எனக்கு ஒரு முரண்பாடும் உண்டு. அனுபவித்தவர்தான் கோட்பாடு பேசலாம் என்று அவரை வைத்துச் சிலர் வாதிடுகிறார்கள். அப்படிப் போனால் ஆணாகப் பிறந்த நான் பெண்கள் உழைப்பைப் பற்றி எழுதிய 20 வருட வேலையை அடுப்பில் போட வேண்டியதுதான். தத்துவ அறிஞர் சுந்தர் சருக்கை இதை எடுத்து 2007இல் அதே இதழில் விரிவாகப் பேசினார். ஒரு அனுபவம் யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று, அதை ஆக்குபவர் யார் என்பது வேறொன்று என்று பிரித்துப் பார்க்கிறார். 2012இல் இரண்டு பேரும் சேர்ந்து புத்தகமாகவே கொண்டுவந்தார்கள். முரண்பட்ட இருவர் பத்து வருடம் பேசிப் புத்தகம் போடுவது நம் துறையில் அபூர்வம். நாங்களெல்லாம் முரண்பட்டால் புரமோஷன் கமிட்டியில் தீர்த்துக்கொள்வோம்.

உங்கள் பக்கத்துக்கு, அம்மா, இரண்டு யோசனை. கட்டுரைச் சுருக்கங்களைத் தேர்வு செய்யும்போது பெயர், கல்லூரி, கைடு பெயர் மூன்றையும் நீக்கிவிட்டு மதிப்பிடச் சொல்லுங்கள். தலைப்பை வைத்தே ஆளைக் கண்டுபிடிப்பவர் இருப்பார், இருந்தாலும் பாதிக் கசிவு அடைபடும். அப்புறம் அமர்வுத் தலைவருக்கு முதல் நாளே ஒரு தாள் கொடுங்கள்: எல்லாருக்கும் ஒரே நேரம், முதல் கேள்வி பின்வரிசை ஸ்காலரிடமிருந்து. பேராசிரியர்கள் எழுந்தால் கேள்வி கேட்க மாட்டோம், உரையாற்றுவோம். எங்களைக் கடைசியில் விடுங்கள்.

பதிவு 6 | செலவுக்கணக்கு

நான் பேராசிரியர் இல்லை. ஒரு பல்கலைக்கழக நிதிப் பிரிவில் 14 வருடமாக பில் பாஸ் பண்ணுகிறவன். தியரி எனக்குத் தெரியாது, பயணப்படிக்கான டி.ஏ. பில் தெரியும்.

தலைமை உரைக்கு வருபவருக்கு என்ன செய்வோம்? நாங்களே விமான டிக்கெட் எடுத்து அனுப்புவோம். அவர் கையிலிருந்து ஒரு பைசா போகாது. ஸ்காலருக்கு? சொந்தக் காசில் வரணும், டிக்கெட், பாஸ்புக் நகல், கைடு கையெழுத்து எல்லாம் கொடுக்கணும், அப்புறம் காத்திருக்கணும். 5,000 ரூபாய்க்குள் உள்ள ரசீதுக்கு ரெவின்யூ ஸ்டாம்ப் தேவையே இல்லை. அதையும் ஒட்டிக் கொண்டு வா என்று திருப்பி அனுப்பும் ஆட்கள் எங்கள் பிரிவிலேயே உண்டு. ஆக, கையில் காசு இருப்பவருக்கு முன்பணம், இல்லாதவருக்குப் பின்பணம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஜேஆர்எஃப் உதவித்தொகை வாங்குபவருக்கு மாதம் 37,000. மத்தியப் பல்கலைக்கழகத்தில் அந்தத் தேர்வு வழியில்லாத நான்-நெட் உதவித்தொகை என்றால் 8,000. மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டும் இல்லாமல் பிஎச்.டி செய்பவர்களை நான் தினம் கவுன்ட்டரில் பார்க்கிறேன். இவர்களிடமே பேப்பர் வாசிக்கப் பதிவுக் கட்டணம் வேறு.

இதற்கு வழி இருக்கிறது. கன்வீனர் பெயரில் தற்காலிக முன்பணம் எடுங்கள். அனுமதி ஆணையிலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: “உதவித்தொகை பெறாத ஆய்வாளர்களுக்குப் பயணச்சீட்டைத் துறையே எடுத்துத் தரும்.” அந்த வரி ஆணையில் இருந்தால் ஆடிட்டில் கேள்வி வராது. இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும் பில் திரும்பி வரும்.

தேதியையும் கவனியுங்கள். ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. பேப்பர் ஏற்கப்பட்டது என்ற மெயில் அதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். 20 நாள் இருக்கும்போது மெயில் அனுப்பினால் ஸ்லீப்பர் கிடைக்காது, தட்கல்தான். வர முடியாதவர் வரவில்லை, ‘ஆர்வம் இல்லை’ என்று பேசிக்கொள்வீர்கள்.

பதிவு 7 | ஒலிவாசகன்

கண் பார்வை இல்லாத ஆய்வாளர் நான். அரசியல் அறிவியல். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள் வைத்துப் படிக்கிறேன், இந்த இழையையும் அப்படித்தான்.

கருத்தரங்கு மலர் என்று ஒன்று மெயிலில் வரும். பாதி ஸ்கேன் செய்த படம், அதில் என் மென்பொருளுக்கு எழுத்தே கிடையாது. மீதிப் பாதி பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ். உங்கள் கண்ணுக்கு அது தமிழ். என் காதுக்கு ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகச் சிதறி விழும். ஒரு முறை ‘விளிம்புநிலை மக்களும் அறிவு உரிமையும்’ என்ற கட்டுரையைத் திறந்தேன். மூன்று நிமிடம் அரைப்புள்ளி, அடைப்புக்குறி, சாய்கோடு என்று வாசித்தது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. யூனிகோடில் கேளுங்கள், வேர்டு கோப்பாகவே கேளுங்கள். காசு செலவில்லை.

மேடையில் ஸ்லைடு போட்டு “இங்கே பார்ப்பது போல” என்பவரிடம், என்ன பார்க்கிறீர்கள் என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். கண் தெரிந்த பின்வரிசைக்காரருக்கும் அது உதவும்.

சாய்தளத்தையும் பாருங்கள். பெரும்பாலும் அரங்க வாசலோடு நின்றுவிடும். உள்ளே மேடைக்கு ஐந்து படி இருக்கும். சக்கர நாற்காலியில் வரும் என் நண்பர் கீழேயிருந்து மைக் பிடித்துப் பேசினார். மேடையில் இருந்தவர்கள் குனிந்து கேட்டார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி உயர்கல்வியில் எங்களுக்கு 5 விழுக்காடு இடம். இடம் கிடைத்த பிறகு மேடைக்கு எப்படி ஏறுவது? எளிய வழி சொல்கிறேன். மேடையே வேண்டாம். எல்லாரும் தரையில் மேஜை போட்டு உட்காருங்கள்.

பதிவு 8 | எஸ்_இனிஷியல்

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்பிக்கிறேன். மற்றவர்கள் சொல்லாத ஒன்று: பெயர்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பின்னொட்டாகச் சாதியைப் போடாமல் விட்டது தமிழ்நாட்டில் பெருமையான விஷயம். ஆனால் இதழ்களின் படிவம் கடைசிப் பெயர் கட்டாயம் என்று நிற்கும். அப்பா பெயரைப் போட்டேன். இப்போது என் கட்டுரைகளை மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லாரும் என் அப்பாவைத்தான் காட்டுகிறார்கள். அவர் லாரி புக்கிங் ஆபீசில் இருந்தவர். சாதி மறுப்புத் திருமணங்கள் பற்றி அவர் 2019இல் இவ்வாறு வாதிடுகிறார் என்று ஒரு புத்தகத்தில் வந்தபோது வீட்டில் ஒரே சிரிப்பு. அந்த அப்பாதான் என் கல்யாணத்துக்கு ஒரு வருடம் பேசாமல் இருந்தார். சிரிப்பு ஒரு பக்கம். கணவர் பெயரைப் போட்டு, பிறகு பிரிந்த தோழிகளுக்கு இதில் சிரிப்பு இல்லை. டெல்லிப் பக்கம் போனால் “முழுப் பெயர் என்ன?” என்று கேட்பார்கள். அதுவும் உங்களிடம் கேட்ட ‘எந்தப் பக்கம்’ கேள்விதான், வேறு சட்டை போட்டு வருகிறது. இந்தக் கேள்வி இங்கேயும் கப்பலேறி வந்ததால்தான் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022இலும் பாகுபாட்டுக்கு எதிரான விதிகளில் சாதியைச் சேர்த்தன.

உங்கள் பதிவுப் படிவத்தில் ஒரே ஒரு பெயர்க் கட்டம் வையுங்கள். அவரவர் எழுதியதை அப்படியே பேட்ஜில் அச்சடியுங்கள்.

பதிவு 9 | தொட்டில்சேலை

சுருக்கமாக. எட்டு மாதக் குழந்தையோடும் அம்மாவோடும் ஒரு கருத்தரங்குக்குப் போனேன். பால் கொடுக்க இடம் கேட்டதற்கு ஸ்டோர் ரூமைத் திறந்துவிட்டார்கள், உடைந்த நாற்காலி, பழைய பேனர்கள். என் அம்மா இரண்டு நாளும் சைக்கிள் ஸ்டாண்டில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு உணவு டோக்கன் கிடையாது, ‘டெலிகேட்’ இல்லையாம். பிஎச்.டி பெண்களுக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பு விதியில் இருக்கிறது. அந்த நாட்கள் முடிந்து திரும்பி வந்தால் உட்கார ஒரு அறை இல்லை. மின்விசிறி உள்ள ஒரு அறை, கூட வருபவருக்கு ஒரு டோக்கன். இதுதான் என் கோரிக்கை.

இன்னொன்று, முக்கியமான பேச்செல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் யாருடைய அறையிலோதான் நடக்கிறது. அடுத்த ப்ராஜெக்ட்டில் யார், எந்தத் தொகுப்பில் யார் கட்டுரை என்று அங்கே முடிவாகும். எங்கள் விடுதிக் கதவு அதற்குள் சாத்தியிருக்கும். காலையில் போனால் எல்லாம் முடிந்திருக்கும். ‘நீங்களும் வந்திருக்கலாமே’ என்பார்கள்.

பதிவு 10 | புனேரயில்

மொழியைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே. நெட் தேர்வில் சமூகவியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். இந்தி வழியில் படித்த பீகார்ப் பையன் தன் மொழியில் எழுதலாம், தமிழ் வழியில் படித்த தருமபுரிப் பெண் எழுத முடியாது. சமூக அறிவியலின் வாசற்படியே இப்படி இருக்கிறது.

நான் புனேயில் படித்தேன். ஷர்மிளா ரேகே அங்கே பெண்ணிய ஆய்வு மையத்தில் இருந்தவர், 2013இல் காலமானார். தலித் பெண்களின் தன்வரலாறுகளைச் சமூகவியலுக்குள் கொண்டுவந்ததற்காகத்தான் அவரை எல்லாரும் சொல்வார்கள். அங்கே வகுப்பிலேயே மராத்தியும் ஆங்கிலமும் கலந்து புழங்கின. ‘முதலில் ஆங்கிலம் கற்றுக்கொண்டு வா, அப்புறம் யோசி’ என்று யாரையும் திருப்பி அனுப்பவில்லை. நான் அங்கே இரண்டு மொழியிலும் அரைகுறை. அதனாலேயே அந்த வகுப்பின் அருமை எனக்குத் தெரியும்.

அதனால் தமிழில் ஒரு தனி அமர்வு வையுங்கள்.

பதிவு 11 | களத்துமேடு

புனேரயில், இதில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தமிழ் அமர்வை எங்கே வைப்பார்கள் தெரியுமா? இரண்டாம் நாள் மதியம் இரண்டரை மணிக்கு, மாடியில் சின்ன அறையில். பெரிய ஆட்கள் அந்நேரம் கோயில் பார்க்கக் கிளம்பியிருப்பார்கள். தமிழில் வாசித்தவர்கள் தங்களுக்குள்ளேயே கைதட்டிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். அதுவும் தனி இலைதான்.

பதிவு 12 | புனேரயில்

நியாயம். இரண்டரை மணி அறையில் நானும் வாசித்திருக்கிறேன், மொத்தம் ஏழு பேர், அதில் ஒருவர் மைக்செட்காரர். சரி, தனி அமர்வு வேண்டாம். ஒவ்வொரு அமர்விலும் தமிழ்ப் பேப்பரும் ஆங்கிலப் பேப்பரும் கலந்து இருக்கட்டும். கேள்வியை எந்த மொழியிலும் கேட்கலாம். ஒரு ஸ்காலர் பக்கத்தில் இருந்து இரண்டு வரியில் மற்ற மொழியில் சொல்லட்டும். மெதுவாகப் போகும். போகட்டுமே.

பதிவு 13 | தகுதிமட்டும்

பெயரை நீக்கி மதிப்பிடுவது, எல்லாருக்கும் ஒரே நேரம், இது எனக்கும் சரி. அதைத்தான் நானும் கேட்டேன். இட ஒதுக்கீடு வரைக்கும் இழுத்தால் வேறு இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

பதிவு 14 | நெறியாளர்

வேறு இழை வேண்டாம், ஏற்கெனவே மூன்று ஓடுகிறது. இங்கே கருத்தரங்கோடு நிற்கவும்.

பதிவு 15 | களத்துமேடு

ஒரு யோசனை. தொடக்க அமர்வில் தூய்மைப் பணியாளர்கள் இரண்டு பேரை மேடையேற்றிப் பேச வைக்கலாமே? உங்கள் பெரியம்மாவையே கூப்பிடுங்களேன்.

பதிவு 16 | மூன்றாம்வரிசை

அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். பொன்னாடை போர்த்துவார்கள், கண் கலங்குவார்கள், ஃபோட்டோ எடுப்பார்கள், அப்புறம் பேராசிரியர் எழுந்து அவர்கள் பேசியதன் அர்த்தம் என்ன என்று விளக்குவார். பெரியம்மா எனக்குச் சொன்னது என் ஆய்வில் நாற்பது பக்கம். என் பெயர்தான் அட்டையில் இருக்கும்.

பதிவு 17 | எஸ்_இனிஷியல்

அதற்கு வேறு மாதிரி செய்தவர்களும் உண்டு. புதுச்சேரிப் பக்கத்து வீரம்மாவின் வாழ்க்கைக் கதையை ஜோசியான் ரசீனும் ழான்-லுக் ரசீனும் பல வருடம் கேட்டு நூலாக்கினார்கள். 1997 ஆங்கிலப் பதிப்பின் அட்டையில் ஆசிரியர்கள் மூவர், முதல் பெயர் வீரம்மா. ‘தகவலாளி’ என்று அடிக்குறிப்பில் நன்றி சொல்லி முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. கருத்தரங்கிலும் அவரை ‘சிறப்பு அழைப்பாளர்’ ஆக்காமல் பேப்பரின் இணை ஆசிரியர் ஆக்குங்கள். உங்கள் அமர்வில், உங்கள் பக்கத்தில் உட்காரட்டும். கேள்வி இரண்டு பேருக்கும் வரட்டும். மற்ற வல்லுநருக்குத் தரும் அதே மதிப்பூதியம்.

பதிவு 18 | செலவுக்கணக்கு

மதிப்பூதிய வவுச்சரில் ‘பதவி’, ‘கல்வித் தகுதி’ என்று இரண்டு கட்டம் இருக்கும். காலியாக விட்டால் பில் திரும்பி வரும். பதவி: தூய்மைப் பணியாளர். தகுதிக் கட்டத்தில் எத்தனை வருட அனுபவம் என்று எழுதுங்கள். அனுமதி ஆணையில் ‘வல்லுநர்’ பட்டியலில் பெயர் இருந்தால் போதும். எங்கள் பிரிவில் யாராவது மறுத்தால் எந்த விதி என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பாஸ் ஆகிவிடும், என் அனுபவம்.

பதிவு 19 | மூன்றாம்வரிசை

மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பக்கம் இரண்டு பக்கமாகி மேடத்திடம் போனது. பெயர் நீக்கி மதிப்பிடுவது, அமர்வுத் தலைவர் தாள், யூனிகோடு, ஒற்றைப் பெயர்க் கட்டம், மின்விசிறி அறை எல்லாம் உடனே ஓகே. டிக்கெட் வரி ஆணையில் ஏறிவிட்டது, செலவுக்கணக்கு சாருக்கு என் சித்தி சார்பில் நன்றி. மேடை வேண்டாம் என்பதை ஏற்கவில்லை. துணைவேந்தர் வருகிறார், மேடை இல்லாமல் முடியாதாம். மரச் சாய்தளம் ஒன்று தச்சரிடம் சொல்லியிருக்கிறோம். ராத்திரிப் பேச்சுக்கு மேடத்திடமும் வழி இல்லை, “எனக்கே யாரும் சொன்னதில்லைம்மா” என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

பெரியம்மாவை இணை ஆசிரியராகப் போட ஒருவர் ஆட்சேபித்தார், அவர் கட்டுரையை எழுதவில்லையே என்று. மேடம், “நம்ம கைடுங்க எழுதியா பேர் போடுறாங்க?” என்றார். கூட்டம் அதோடு முடிந்தது.

நேற்று சாயந்திரம் பெரியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மதிப்பூதியம், வவுச்சர், இணை ஆசிரியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “எத்தனை மணிக்கு?” என்றார். முதல் நாள் காலை பதினொன்றரை என்றேன். “அன்னிக்கு மஸ்டர் போயிடுமேடி. ஒரு நாள் போனா மேஸ்திரி அடுத்த வாரம் வண்டி மாத்திவிடுவான்” என்றார்.

ஏழு மாதம் அந்த மஸ்டரைப் பற்றியே எழுதியவள் நான். எனக்கு இது தோன்றவில்லை.

எங்கள் அமர்வை மூன்றரை மணிக்கு மாற்றச் சொல்லி மேடத்திடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போயிருக்கிறது. பிரஸ்காரர் போனை எடுக்கவில்லை, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.